எந்தத் தாத்தா?

நிப்லா இரண்டு கிழமையாகத் தலைக்குக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் என்று சும்மா சொன்னேன். எண்ணெய் காதோரம் வழிந்து, கழுத்தில் இறங்கி, பள்ளிக்கூடத்து வெள்ளை முக்காட்டில் மஞ்சளாகப் படிந்துவிடும்.

"என்ன கா புள்ள இது? தலையா, வடை பொரிச்ச தாச்சியா?" என்று உம்மா நஸீறா கேட்பார்.

"முடி வளரட்டும் உம்மா."

"வளரும், வளரும். எறும்புதான் வளரும்."

நிப்லா சிரித்துக்கொண்டு ஓடிவிடுவாள். உண்மையான காரணத்தை உம்மாவிடம் சொல்ல முடியாது. அது அவளுக்கும் தாத்தாவுக்கும் இடையில் உள்ள ரகசியம்.

தாத்தா என்றதும் நரைத்த தாடி, கைத்தடி என்று நினைத்துவிடாதீர்கள். கல்முனைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்று கூப்பிடுவார்கள். நிப்லாவின் தாத்தாவுக்கு வயது இருபத்தைந்து. பெயர் முஸ்பிறா.

வீட்டின் பின்வளவில் நான்கு சுவர்கள் எழும்பி நிற்கின்றன. கூரை இல்லை. அது தாத்தாவுக்காகக் கட்டத் தொடங்கிய வீடு. அதற்குக் கூரை போடத்தான் அவள் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜோர்தானுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போன இடம் சரியில்லை. தூங்க நேரம் கொடுக்கவில்லை. கடவுச்சீட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் தாத்தா அந்த வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள். இப்போது ஒரு பாதுகாப்பு இல்லத்தில் இருக்கிறாள். நம் ஊர்களில் இருந்து போன வேறு பதின்மூன்று பெண்களும் அங்கே இருக்கிறார்கள். கடதாசி வேலை முடிந்தால் ஊருக்கு வரலாம். அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமைகளில் ஐந்து நிமிடம் பேசலாம். இரண்டு கிழமைக்கு முன்னால் பேசியபோது, உம்மா அடுப்பை அணைக்க எழுந்துபோன இடைவெளியில் தாத்தா மெல்லச் சொன்னாள்.

"இஞ்ச நித்திரை வருகுதில்ல நிப்லா. கட்டில் நல்லம். போர்வை நல்லம். எல்லாம் சோப்புத்தான் மணக்குது. கண்ண மூடினா எங்க கிடக்கன் எண்டே தெரியல்ல."

"என்ன அனுப்பட்டும் தாத்தா? சொல்லுங்க."

"சிரிக்க மாட்டியே?"

"மாட்டன்."

"நாம படுக்கிற தலகாணிட உறை. கழுவாம அனுப்பு. உன்ட தலை மணம் இருக்கோணும்."

நிப்லா சிரித்துவிட்டாள்.

"உம்மாட்ட சொல்லிராத," என்றாள் தாத்தா. "அவ அதக் கழுவி, கஞ்சி போட்டு, மடிச்சித் தருவா."

அந்த உறை இளநீல நிறம். தாத்தாவே தைத்தது. மூலையில் சிவப்பு நூலால் ஒரு மீன் போட்டிருந்தாள். மீன் என்று தாத்தாதான் சொல்வாள். பார்த்தவர்கள் எல்லாரும் கத்தரிக்காய் என்றார்கள். தாத்தா சுவர்ப்பக்கம், நிப்லா இந்தப் பக்கம், நடுவில் கத்தரிக்காய் மீன். அப்படித்தான் அவர்கள் படுப்பார்கள்.

எண்ணெயின் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

---

கல்முனையில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் மாதர் ஒன்றியம் கூடும். பத்துப் பதினைந்து பெண்கள். தைப்பார்கள், மடிப்பார்கள், பெட்டி கட்டுவார்கள். நடுவில் தேநீர் குடிப்பார்கள். பிரார்த்தனையைவிட தேநீர் கொஞ்சம் நீளும் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

மண்டபத்தில் எப்போதும் இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள் இருக்கும். ஒன்றில் 'உள்ளூர்' என்று எழுதியிருக்கும். அது சவளக்கடைப் பக்கம் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகும். மற்றதில் 'வெளிநாடு' என்று இருக்கும். இந்த முறை அது ஜோர்தானில் தாத்தா இருக்கும் இல்லத்துக்கு.

ஒன்றியத்தின் செயலாளர் பாக்கியராசா டீச்சர். அவருடைய மகள் ஜோர்தானில் தாதியாக வேலை செய்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை டீச்சர் மகளைப் பார்க்கப் போவார். போகும்போது ஒரு சூட்கேஸ் முழுக்க இல்லத்துப் பெண்களின் சாமான்கள்தான். இந்த முறை பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பதினான்கு பெண்களின் வீடுகளுக்கும் தானே அலைந்தார்.

"ஒரு பைதான் நஸீறா. ஒரு கிலோவுக்கு மேல வேணாம். பிள்ளைட பேரை வெளியில எழுதிருங்க," என்றார்.

உம்மா கொஞ்சம் தயங்கினார். "டீச்சர், நாங்க உங்கட சேர்ச் ஆக்கள் இல்லையே. எங்கட சாமானயும் கொண்டு போவீங்களா?"

"சூட்கேசுக்கு அதெல்லாம் தெரியாது. அதுக்கு நிறை மட்டும்தான் தெரியும்," என்றார் டீச்சர்.

உம்மா அன்றைக்கே தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் சர்க்கரையும் சேர்த்துத் தொதல் கிண்டினார். ஆறவைத்து, துண்டு போட்டு, டின்னில் அடுக்கினார். புதுத் துவாய் ஒன்றும் வாங்கினார். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் வைத்துவிட்டு, "பேரை வடிவா எழுது," என்று நிப்லாவிடம் சொல்லிக் குசினிக்குள் போனார்.

உம்மாவின் தலை மறைந்ததும் நிப்லா தலையணையில் இருந்து உறையை உருவினாள். ஒருமுறை மணந்து பார்த்தாள். நல்ல எண்ணெய் மணம். ஒரு ஷொப்பிங் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள், மணம் போகக்கூடாதே! தாத்தாவுக்கு எழுதிவைத்திருந்த கடிதத்தையும் உறையையும் துவாயின் அடியில் ஒளித்தாள்.

பிறகு பேனையை எடுத்தாள்.

எடுத்தவள் அப்படியே நின்றாள். தாத்தாவின் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆறு வயதில் ஒரே ஒருமுறை, சொன்னால் என்ன நடக்கும் என்று பார்க்க, கேற்றடியில் நின்று "முஸ்பிறா!" என்று கத்தினாள். நடந்தது இதுதான்: உம்மா ஈர்க்கிலோடு வந்தார். மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா! அன்றிலிருந்து அந்தப் பெயர் அவள் நாவிலும் வராது, பேனையிலும் வராது.

அதனால் அவள் வடிவாக, பெரிய எழுத்தில் எழுதினாள்.

தாத்தாவுக்கு.

சனிக்கிழமை பின்னேரம் அவளே மண்டபத்துக்குப் போய், 'வெளிநாடு' பெட்டியில் பையை வைத்துவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் அவளுக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது.

---

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி இருக்கும். வாசலில் பாக்கியராசா டீச்சரின் குரல் கேட்டது. அவரோடு போதகரம்மாவும் வந்திருந்தார். அவர் போதகரின் மனைவி. ஹட்டன் பக்கத்தவர். கல்முனைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"நஸீறா, உங்கட பை எங்க?" டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "பட்டியல்ல பதினாலு பேர். பை பதின்மூணுதான் கிடக்கு. பின்னேரம் அஞ்சு மணிக்குக் கொழும்புக்கு வேன்."

"நேத்தே குடுத்தாச்சே!" என்றார் உம்மா.

"நான்தான் கொண்டுபோய் வெச்ச," என்றாள் நிப்லா. "வெளிநாட்டுப் பெட்டியிலதான் வெச்ச டீச்சர்."

"பேர் எழுதினியா?"

"ஓம். தாத்தாவுக்கு எண்டு எழுதின."

போதகரம்மா வாயில் கை வைத்தார்.

"தாத்தாவுக்குன்னு ஒரு பை இருந்துச்சே! யாரோ மாத்தி வச்சிட்டாங்கன்னு நெனச்சேன். பாவம், வயசானவருக்கு வந்தது வெளிநாட்டுப் பெட்டியில கெடக்குதேன்னு நான்தான் எடுத்து உள்ளூர்ப் பெட்டியில போட்டேன். நேத்து சாயங்காலமே முதியோர் இல்லத்துக்குப் போயிருச்சு!"

"வயசானவரா?" உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தாத்தான்னா... அப்பாவோட அப்பாதானே?"

உம்மாவும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பாக்கியராசா டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உம்மாவும் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"இவங்களுக்குத் தாத்தா எண்டா அக்கா, போதகரம்மா! அக்கா!"

"அக்காவா!" என்று போதகரம்மா திகைத்தார். "அப்ப தாத்தாவ என்னன்னு கூப்பிடுவாங்க?"

நிப்லா மட்டும் சிரிக்கவில்லை.

"அங்க அந்தப் பைய என்ன செய்வாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா. அங்க ரொம்ப சுத்தம். ஞாயித்துக்கெழம காலையிலயே வந்த துணி எல்லாத்தையும் தொவச்சுப் போட்டுருவாங்க..."

நிப்லாவின் முகம் மாறியது. அடுத்த நொடி அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

"ஏன் கா? துவாயத்தானே கழுவுவாங்க? கழுவினா என்ன?" என்று உம்மா கேட்டார்.

இனி ஒளிக்க முடியாது. விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னாள். தாத்தாவுக்கு நித்திரை வராதது, தலையணை உறை, எண்ணெய், எல்லாம்.

"ஊத்தை உறையையா அனுப்பின? பிற ஆக்கள் முன்னால எனக்கு வெக்கம்..." என்று உம்மா தொடங்கினார். முடிக்கவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தார். உறையில்லாத தலையணை கட்டிலில் கிடந்தது. கட்டிலின் சுவர்ப்பக்கம் விரிப்புக் கசங்காமல் இருந்தது.

"அவ எனக்கு நித்திரை நல்லா வருகுது எண்டுதானே சொன்ன," என்றார் மெல்ல.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நட. செருப்பப் போடு."

---

முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டீச்சர் சூட்கேஸ் அடுக்கப் போனார். "நாலரைக்குள்ள வந்தா கொண்டுபோவன். வராட்டி, அடுத்த வருசம்தான் புள்ள," என்றார். அப்படிச் சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது.

உம்மா, நிப்லா, போதகரம்மா மூவரும் ஓட்டோவில் ஏறினார்கள். கிட்டங்கிப் பாலத்தடியில் ஓட்டோ நின்றுவிட்டது. இரண்டு நாள் மழையில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மேல ஏலாது. மெசின்லதான் போகோணும்," என்றார் ஓட்டோக்காரர்.

மெசின் என்றால் உழவு இயந்திரம். அதன் பின்னால் இழுபடும் பெட்டியில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர், இரண்டு சைக்கிள், ஒரு ஆடு. போதகரம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். தண்ணீரின் நடுவில் பெட்டி ஒருபக்கம் சாய்ந்தபோது, "கர்த்தரே!" என்று கத்தி ஆட்டைக் கட்டிப் பிடித்தார். ஆடும் கத்தியது.

நிப்லா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்நேரம் வாளிக்குள் ஊறுமா? இந்நேரம் சோப்புப் போடுவார்களா?

இரண்டு பக்கமும் வயல். தாத்தா ஜோர்தானுக்குப் போன நாளில் வாப்பா எல்லாரையும் இந்தப் பக்கம் கூட்டிவந்திருந்தார். வாப்பா ஜவுபருக்கு இறக்காமத்தில் வயல் காவல். யானை வரும் காலத்தில் வீட்டுக்கே வரமாட்டார். அன்றைக்குத் தாத்தா வயல் வரம்பில் நின்று, "இந்தப் பச்சைய நல்லாப் பாத்து வெச்சிக்கிறன். அங்க மணல்தானாம்," என்றாள். நிப்லாவுக்கு அது இப்போது ஞாபகம் வந்தது.

இல்லத்தின் படலையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது கொடிக் கயிறுதான்.

கயிறு முழுக்கத் தலையணை உறைகள். வரிசை வரிசையாக, தண்ணீர் சொட்டச் சொட்ட. காற்றில் சோப்பு மணம்.

நிப்லாவின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"பாரு, நம்மட இருக்கா எண்டு பாரு," என்றார் உம்மா. அவரே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். வெள்ளை. வெள்ளை. கோடு போட்டது. பூப் போட்டது. நீலம்! ஆனால் மூலையில் மீன் இல்லை.

இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் தர்மிகா கை துடைத்தபடி வந்தார். போதகரம்மா நடந்ததை மூச்சு விடாமல் சொன்னார்.

"அந்தப் பையா?" தர்மிகா சிரித்தார். "அத கோணாமலை ஐயாக்குக் குடுத்தன். இஞ்ச வயசு கூட அவருக்குத்தான். எழுவத்தாறு. நேத்து அந்தக் கடிதத்த எத்தினதரம் வாசிக்கச் சொன்ன தெரியுமா? நாலு தரம்! அவருக்குக் கண் தெரியாது. கடல்ல மீன் பிடிச்சிக் கிடந்த மனிசன். ஆரும் வந்து பாக்கிறல்ல. ரெண்டு வருசத்துக்குப் பிறகு நேத்துத்தான் சிரிச்சவர்."

நிப்லா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆரும் வந்து பார்க்காத ஒரு ஆளிடம் போய், அந்தப் பை உங்களுடையது இல்லை, தாங்க என்று எப்படிக் கேட்பது? கேட்காமல் போனால் தாத்தாவுக்கு எப்படி நித்திரை வரும்?

"நான் மட்டும் போய்ப் பாக்கட்டா உம்மா?" என்றாள்.

உம்மா தலையசைத்தார்.

கோணாமலை ஐயா கட்டிலில் சுவர்ப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்த உடம்பு. கண்கள் வெளுத்துப் போயிருந்தன. மடியில் அந்தத் துணிப்பை.

"ஆரு?"

"நான்... நிப்லா."

அவர் முகம் நிமிர்ந்தது. "நிப்லாவா! கடிதம் எழுதின புள்ளையா?"

"ஓம்."

"என்னத்துக்கு வந்த?"

நிப்லா பையைப் பார்த்தாள். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார். கேட்க வந்தது வாய்வரை வந்து திரும்பிவிட்டது.

"சும்மா. உங்களப் பாக்க வந்த," என்றாள்.

கோணாமலை ஐயா காதைச் சரித்துக் கேட்டார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"பொய் சொல்லத் தெரியாது உனக்கு. புள்ள, நாப்பது வருசம் கல்முனைச் சந்தையில உங்கட ஆக்களுக்கு மீன் வித்தவன் நான். தாத்தா எண்டா ஆரு எண்டு எனக்குத் தெரியாதா?"

நிப்லாவின் கண் விரிந்தது. "அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"முதல்தரம் வாசிக்கேக்கயே தெரியும். இது என்ட இல்ல, இந்தப் புள்ளைட அக்காக்கு எண்டு தர்மிகாட்ட சொன்ன. அவ கேக்கல்ல. கிழவனுக்கு மாறாட்டம் எண்டு நெனச்சிட்டா. பையில வீட்டு விலாசமும் இல்ல. ஆரிட்ட குடுக்கிற?" அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப நாலுதரம் என்னத்துக்கு வாசிக்கச் சொன்ன எண்டு கேக்காத. அது வேற கதை."

நிப்லா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உறை...?"

"அத எடுக்கத்தான் காலையில சண்டை. தாங்க கழுவ எண்டு தர்மிகா இழுக்கிறா, நான் விடல்ல. கழுவ வேணாம் எண்டு கடிதத்திலயே கிடக்கே!"

அவர் பைக்குள் தடவி, ஷொப்பிங் பையை வெளியே எடுத்தார். முடிச்சு நிப்லா போட்டபடியே இருந்தது.

"நான் தலை வைக்கல்ல. மணந்தும் பாக்கல்ல. வெளியில தடவிப் பாத்தன். மூலையில தையல் தட்டுப்பட்டிச்சு. அது என்ன, பாரை மீனா?"

நிப்லா கையைத் தட்டினாள். "மீன்தான்! மீன்தான்! எல்லாரும் கத்தரிக்கா எண்டாங்க!"

"கண் தெரிஞ்சவன் சொல்றதெல்லாம் கேக்காத. வால் வடிவாக் கிடக்கு."

பிறகு அவர் கொஞ்சம் நெளிந்தார். "ஒரு பிழை செஞ்சிட்டன். தொதல்ல ரெண்டு துண்டு குறையும்."

"ரெண்டா?"

"சரி, நாலு."

நிப்லாவுக்குச் சிரிப்பு வந்தது. டின்னைத் திறந்து பார்த்தாள். ஏழு குறைந்திருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"நீங்க ஏன் கழுவ விடல்ல?" என்று கேட்டாள்.

கோணாமலை ஐயா சுவரைத் தடவினார்.

"என்ட மனிசிட சீலை ஒண்டு என்னட்டக் கிடந்த. அவ போய் அஞ்சு வருசம். நான் கழுவாமத்தான் வெச்சிருந்தன். இஞ்ச வந்த மறுநாள் நல்லாக் கழுவி, வெயில்ல போட்டு, மடிச்சித் தந்தாங்க. நல்ல மனிசர்தான். அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

வெளியே கொடிக் கயிற்றில் துணிகள் படபடத்தன. தாத்தாவின் பெயரை எழுதியிருந்தால் இந்த ஐயாவை அவள் பார்த்தே இருக்கமாட்டாள் என்று நிப்லாவுக்குத் தோன்றியது.

"கடிதத்த இன்னொருதரம் வாசிக்கட்டா?" என்றாள்.

"நேரம் போகுதே புள்ள?"

"சின்னக் கடிதம்தானே."

அவள் வாசித்தாள்.

"தாத்தா, நீங்க கேட்டத அனுப்பியிருக்கன். கழுவ வேணாம். நிறைய எண்ணெ வெச்சிப் படுத்த. இதுல படுத்தா நித்திரை வரும். வராட்டி, நான் பக்கத்துல கிடந்து உதைக்கிறன் எண்டு நெனச்சிக்கங்க. சுவர்ப்பக்கம் உங்கடதான். நான் ஒருநாளும் அங்க போகல்ல. எப்ப வருவீங்க? திகதி தெரியாட்டி மாசத்தயாவது சொல்லுங்க. நிப்லா."

கடைசி வரியில் அவள் குரல் உடைந்தது.

"அந்த இடம்தான்," என்றார் கோணாமலை ஐயா. "எப்ப வருவீங்க எண்டு கேட்டிருக்கே, அந்த இடம். அத என்னட்ட ஆரும் கேக்கிறல்ல. அதுக்குத்தான் நாலுதரம்."

நிப்லா கடிதத்தை மடித்தாள். பையில் வைக்கப் போனவள் நிறுத்தினாள். அவருடைய கையை விரித்து அதற்குள் வைத்தாள்.

"இது உங்களுக்கு. தாத்தாக்கு வேற எழுதுவன்."

---

திரும்பும்போது மெசின் பெட்டியில் ஆடு இல்லை. போதகரம்மா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நிப்லா குலுங்கக் குலுங்கப் புதுக் கடிதம் எழுதினாள். எழுத்துகள் எல்லாம் ஏறி இறங்கி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன.

பையின் வெளியே என்ன எழுதுவது என்று போதகரம்மாவைப் பார்த்தாள்.

"பேர எழுதும்மா. தயவுசெஞ்சு பேர எழுது."

நிப்லா உம்மாவைப் பார்த்தாள்.

"எழுது கா," என்றார் உம்மா. "இந்த ஒருதரம் ஈர்க்கில் எடுக்க மாட்டன்."

முஸ்பிறா தாத்தா, அதாவது அக்கா, என்று நிப்லா எழுதினாள். நாலு மணி இருபதுக்குப் பை சூட்கேசுக்குள் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை தொலைபேசி வந்தது.

"கிடைச்சிச்சா தாத்தா? நித்திரை வந்திச்சா?"

"எங்க நித்திரை! பதின்மூணு பேரும் வரிசையில நிண்டு மணந்து பாத்தாங்க. ஊர் வீடு மாதிரி இருக்கு எண்டு ஒருத்தி அழுதிட்டா. இன்னொருத்தி ஆடு கிடந்த உறையா எண்டு கேட்டா."

நிப்லா விழுந்து விழுந்து சிரித்தாள். உம்மாவும் சிரித்தார்.

"மறுகா? பிறகென்ன?" என்று நிப்லா கேட்டாள்.

தாத்தாவின் குரல் தாழ்ந்தது.

"மறுகா படுத்த. விடிஞ்ச பிறகுதான் எழும்பின," என்றாள் தாத்தா. "எனக்குப் பக்கத்துல ஆரோ உதைச்ச மாதிரி இருந்திச்சு."

"தாத்தா, எப்ப வருவீங்க? மாசத்தயாவது..."

"தெரியாது நிப்லா. இன்னும் சொல்லல்ல."

ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு நிப்லா புது உறை போட்ட தலையணையில் தன் பக்கமாகவே படுத்தாள். சுவர்ப்பக்கம் கையை நீட்டிப் பார்த்தாள். விரிப்புக் குளிர்ந்து கிடந்தது. திகதி தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆகக் கஷ்டம் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் அவள் மாதர் ஒன்றியத்தின் மண்டபத்துக்குப் போனாள். கையில் ஒரு சின்னப் பை. உள்ளே பத்துத் துண்டு தொதல். வெளியே பெரிய எழுத்தில், தாத்தாவுக்கு.

போதகரம்மா ஓடிவந்தார். பையை வாங்கினார். படித்தார். அப்படியே நின்றார்.

"நிப்லா, சத்தியமாக் கேக்கிறேன். இது எந்தத் தாத்தா?"

"உங்கட தாத்தா," என்றாள் நிப்லா. "உள்ளூர்ப் பெட்டி."

தொதலோடு ஒரு கடிதமும் இருந்தது. அதை எழுத அவளுக்கு நேரமே எடுக்கவில்லை. தர்மிகா அக்கா வாசிக்கும்போது தவறிவிடக்கூடாது என்று திகதியை மட்டும் இரண்டு தரம் எழுதியிருந்தாள்.

கோணாமலைத் தாத்தா, நான் வாற மாசம் முதலாம் சனிக்கிழமை வருவன். முதலாம் சனிக்கிழமை. பின்னேரம் மூணு மணிக்கு.